ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு

வாலாஜா தாலுகா ஆபீஸில்
ஓடாத மின்விசிறிக்கு நேர்கீழே பௌசியாவின் மேசை.
பகலில் பட்டா மாறுதல்.
இரவில் மொழிபெயர்ப்பு, பக்கத்துக்கு இருநூறு ரூபாய்:
குக்கர் கையேடு, இன்சூரன்ஸ் நிபந்தனை,
ஒருமுறை குதிரைக்கான மருந்துச் சீட்டு.
இந்த வாரம் கடல் வந்திருந்தது.
எத்தனையோ நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கை,
நாற்பத்தொரு பக்கம்.

"சர்வேயர் சார்,
எந்த நாட்டுக்கும் பாத்தியதை இல்லாத தண்ணீரை
நம்ம கணக்கில் என்னவென்று எழுதுவோம்?"

சங்கிலியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
யோசிக்கவே இல்லை.
புறம்போக்கு என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில்
மனுக் கொடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
"அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் சார்."

உண்மைதான்.
வரிக்கணக்குக்குப் புறத்தே விட்டுவைத்தது,
மாடு மேய, பிணம் எரிக்க, மழை தங்க.
எல்லோருக்கும் என்று ஒதுக்கியதை
எப்போது வசவாக்கினோம் என்று
எந்த அ-பதிவேட்டிலும் இல்லை.

அன்று காலைதான் சித்தேரியிலிருந்து வந்திருந்தேன்.
புல எண் இருநூற்றுப் பதினாலு, ஏரி,
ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு.
வரைபடத்தில் பதினேழு ஏக்கர்.
அளந்தால் பதினொன்று.
மீதியில் ஒரு செங்கல் சூளை,
ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டு,
தனகோட்டியின் கொய்யாத்தோப்பு.
"நான் ரெண்டு அடிதான் சார் தள்ளினேன்" என்றார்.
பொய்யில்லை.
எல்லோரும் ரெண்டு ரெண்டு அடிதான்.

பௌசியாவின் தாளில் இருந்தது அதே வாக்கியம்,
கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு.
ஒருவருக்குக் கொஞ்சம் மீன்,
ஒருவருக்கு அடித்தரையில் கொஞ்சம் தாது,
ஒருவர் கப்பல் கழுவிய கொஞ்சம் எண்ணெய்.

கடல் நமக்கெங்கே என்பார்கள் வடஆற்காட்டில்.
எங்களுக்கு இருப்பது ஆறு, அதிலும் மணல்.
ஆனால் ராணிப்பேட்டையில் தோல் ஊறிய தண்ணீர்
மண்ணுக்கடியில் மெதுவாக நடக்கிறது.
பாலாறு பொங்கும் வருஷத்தில்
பஸ் பிடித்த மாதிரி வாயலூர் போய் இறங்குகிறது.
கடலில் கரைத்த பெருங்காயம் என்போம்,
வீணாய்ப் போனதற்கு.
வீணாகவெல்லாம் போகவில்லை.
அங்கேதான் இருக்கிறது.

"இதில் பி-மெமோ உண்டா?" என்று கேட்டேன்.
தேடினாள்.
குழு உண்டு, அறிக்கை உண்டு,
இறங்கும் முன்பே ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று உண்டு,
காக்க வேண்டிய பரப்பைக் கோடு போட்டு ஒதுக்கலாம் என்று உண்டு.
ஜேசிபி இல்லை.
எங்களிடம் ஜேசிபி இருக்கிறது,
மூன்று வருஷமாக ஸ்டே உத்தரவுக்குக் கீழே நிற்கிறது.
ஆகவே நான் வாய் திறக்கவில்லை.

ஒன்று மட்டும் சொன்னேன்.
ஏரியை அளக்குமுன்
சுற்றியுள்ள பட்டாதாரர் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போகும்.
வெயிலில் வந்து நிற்பார்கள்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
சங்கிலியின் மறுமுனையை யாராவது பிடித்தாக வேண்டும்,
எனக்கு உதவியாள் கிடையாது.
சித்தேரியில் பிடித்தது தனகோட்டி.
தன் கொய்யா மரங்களுக்குள் தானே இழுத்துப் போனார்.
முள்கம்பி கிழித்தது, விடவில்லை.
முடிந்ததும் கையெழுத்து மட்டும் போடமாட்டேன் என்றார்.
அதையும் எழுதிக்கொள்வோம்:
உடனிருந்தார். கையொப்பமிட மறுத்தார்.

பௌசியா பென்சிலை எடுத்து
அந்த இரண்டு வாக்கியத்தையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.
கடைசிப் பக்கத்தில்
நாடுகளின் பெயருக்கு எதிரே
வெற்றுக் கோடுகள் இருந்தனவாம்.

மாலை பேருந்து நிலையத்தருகே
காசிமேட்டு ஐஸில் வந்த சங்கரா,
கிலோ முந்நூற்றெண்பது.
செவுளைத் தூக்கிக் காட்டினார் மீன்காரம்மா. சிவப்பு.
எந்தப் புல எண்ணிலிருந்து வந்ததென்று
கேட்கத் தோன்றியது.
பின்னால் வரிசை நின்றது.
அரைக்கிலோ என்றேன்.

இரவு பதினொன்றரைக்குச் செய்தி வந்தது:
"பொதுக்கடல் என்று போட்டுவிட்டேன் சார்.
அடிக்குறிப்பில் உங்கள் வார்த்தை.
ஏஜென்சிக்காரன் வெட்டுவான்.
வெட்டட்டும், மறுபடி வைப்பேன்."